தவறவிட்ட மறுநாள்: உடல்நல விளையாட்டுகளும் சமூகச் செயலிகளும் குறித்த ஒரு மதிப்பீடு

உடற்பயிற்சியை விளையாட்டாக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவற்றின் முதல் வாரத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். முதல் வாரத்தில் எல்லாச் செயலிகளும் இனிக்கவே செய்யும். பதக்கங்கள் வரிசையாக வரும், நண்பர்கள் கைதட்டுவார்கள், நேற்றைவிட இன்று கூடுதலாக நடந்தோம் என்ற நிறைவும் கிடைக்கும். என் மதிப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் வேறு. காய்ச்சலோ, வேலைப்பளுவோ, வெறும் சோம்பலோ, ஏதோ ஒரு காரணத்தால் ஒரு நாள் தவறிவிட்டால், மறுநாள் அந்தச் செயலியைத் திறப்பவரை அது எப்படி வரவேற்கிறது என்பதே அந்த அளவுகோல். ஆரோக்கியம் என்பது ஆண்டுக்கணக்கில் நீளும் விவகாரம். ஆண்டுக்கணக்கில் நாள் தவறாதவர் யாரும் இல்லை. திரும்பி வருவதை எளிதாக்காத விளையாட்டு, முதல் வாரத்தில் எவ்வளவு உற்சாகப்படுத்தினாலும், இந்தப் பணிக்கு உதவாது.

முதலில் இலக்குகளைப் பற்றிச் சற்றுப் பார்த்துவிடலாம், ஏனெனில் பெரும்பாலான செயலிகள் அங்கேயே சறுக்குகின்றன. ஒரு நாளைக்கு 10,000 அடிகள் என்ற இலக்கு மருத்துவ ஆய்வு எதிலிருந்தும் பிறந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் விளம்பரத்திலிருந்து உலகெங்கும் பரவியது. சராசரியாக 72 வயதான பெண்களைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிகளை ஒட்டிய அளவுக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அடிகளை எண்ணச் சொல்லவே இல்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும், அதனுடன் வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்பதே அவற்றின் சாரம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த அளவு வாரக் கணக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. அதை நாள் கணக்காக உடைத்து, ஒவ்வொரு நாளையும் ஒரு தேர்வாக்கியது செயலிகளின் வேலை.

நாள் கணக்கின் உச்சம், இடைவிடாத் தொடரை எண்ணும் ‘ஸ்ட்ரீக்’ முறை. இத்தனை நாளாகத் தவறாமல் செய்து வந்திருக்கிறீர்கள் என்று எண்ணிக் காட்டுவதில் கவர்ச்சி இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. எண் பெரிதாகப் பெரிதாக அதை இழக்க மனம் வராது. இரவு பதினொன்றரை மணிக்கு வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடக்க வைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் தொடர் அறுந்த அன்று அந்த எண் பூஜ்யமாகிறது. அதோடு அதுவரை நடந்த நடையெல்லாம் வீண் என்ற உணர்வையும் அந்தப் பூஜ்யம் கூடவே தருகிறது. நான் பயன்படுத்திய ஒரு நடைச் செயலி, காய்ச்சலில் படுத்திருந்த நாளின் இரவில் ‘உங்கள் தொடர் ஆபத்தில் இருக்கிறது’ என்று மூன்று முறை அறிவிப்பு அனுப்பியது. மறுநாள் காலையில், தொடரைப் பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம் என்றது. உடல்நலத்துக்கென்று நிறுவிய செயலி, நோயாளியிடம் அபராதம் கேட்கிறது! பெயரைச் சொல்வதில் பொருளில்லை, ஏனெனில் இந்த வழக்கம் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதல்ல.

ஆப்பிள் வாட்ச் 2015இல் வந்தபோதே இயக்கம், உடற்பயிற்சி, எழுந்து நிற்றல் என்ற மூன்று வளையங்களை ஒவ்வொரு நாளும் மூடச் சொன்னது. அந்த வளையங்களின் வடிவமைப்பு எளிமையானது, அழகானது. ஒரு பார்வையில் நாளின் நிலை விளங்கிவிடும். ஆனால் உடல்நலமில்லாத நாளிலும் ஓய்வு நாளிலும் அந்த வளையங்களை நிறுத்தி வைக்கும் வசதி 2024இல் வந்த வாட்ச் ஓஎஸ் 11 மென்பொருளில்தான் சேர்க்கப்பட்டது. ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதி என்ற, எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே சொல்லிவிடக்கூடிய செய்தியை ஏற்க ஒன்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வசதி வந்த பிறகு அதன் மீது எனக்குப் பெரிய குறை இல்லை. நிறுத்தி வைத்தாலும் தொடர் அறுவதில்லை. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் வெவ்வேறு இலக்கு வைத்துக்கொள்ளவும் முடிகிறது. கடிகாரம் வைத்திருந்தும் இந்த அமைப்பைத் திறந்தே பார்க்காதவர்கள் முதலில் அதைச் செய்யலாம்.

இழப்பைக் காட்டி நடக்க வைப்பது எப்போதுமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகளில் பங்கேற்றவர்களுக்கு ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் 70 புள்ளிகள் கொடுத்துவிடுவார்கள். இலக்கை எட்டாத ஒவ்வொரு நாளுக்கும் 10 புள்ளிகள் குறையும். இங்கும் தண்டனை உண்டு, ஆனால் அடுத்த வாரம் மீண்டும் 70 புள்ளிகள் கையில் இருக்கும். இந்த முறையைக் குடும்பங்களிடையே சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுக் குழுவினர் தங்கள் பழைய அளவைவிட நாளுக்குச் சராசரியாக 1,661 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். வெறுமனே அடிகளை அளந்து கொண்டிருந்த குழுவில் அந்த உயர்வு 636 அடிகள் மட்டுமே. தண்டனையின் அளவைவிட அதன் ஆயுள் முக்கியம் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். வாரத்தோடு கணக்கு தீர்ந்துவிடுகிறது என்பதே அந்த வடிவமைப்பின் நாகரிகம். இவ்வளவு எளிய ஏற்பாட்டைச் சந்தையில் உள்ள செயலிகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இனி சமூகப் பகுதி. நண்பர்களோ உறவினர்களோ ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, தினமும் இரவில் அன்றைய அடிக்கணக்கை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவது இன்று மிகப் பரவலான ‘உடல்நல விளையாட்டு’. இதற்குச் செலவு இல்லை, புதுச் செயலி எதுவும் தேவையில்லை. இத்தகைய குழுக்களைக் கவனித்தால் ஒரே கதை திரும்பத் திரும்ப நடப்பதைக் காணலாம். முதலில் எல்லோரும் படம் போடுவார்கள். பிறகு பதினைந்தாயிரத்தைத் தாண்டிய இருவர் மட்டும் தங்களுக்குள் போட்டியிடுவார்கள். ஒருவர் கைப்பேசியை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார் என்ற கேலி கிளம்பும், அது பல நேரங்களில் உண்மையாகவும் இருக்கும். நாலாயிரம் நடந்தவர் படம் போடுவதை நிறுத்திவிடுவார், அவரை யாரும் தேட மாட்டார்கள். முடிவில் குழு காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் திரும்பிவிடும். நடையால் அதிகப் பயன் பெறக்கூடியவர் அந்த நாலாயிரத்துக்காரர்தான் என்பதே இதில் உள்ள சோகம்.

அப்படியானால் போட்டியே தவறா என்று கேட்டால், எனக்கு உவப்பில்லாத விடையையே ஆய்வுகள் தருகின்றன. அதே பென்சில்வேனியா குழுவினர் அதிக எடை கொண்ட 602 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட சோதனையில் ஆதரவு, கூட்டு முயற்சி, போட்டி என மூன்று விதக் குழுக்கள் இருந்தன. மூன்றுமே நடையைக் கூட்டின. ஆனால் விளையாட்டு முடிந்த பிறகும் குறிப்பிடத்தக்க அளவில் பலன் நீடித்தது போட்டிக் குழுவில் மட்டுமே. இதைப் படித்துவிட்டு உடனே தரவரிசைப் பட்டியல் தொடங்குபவர்கள் ஒரு நுணுக்கத்தைத் தவறவிடுகிறார்கள். அங்கே மூவர் மட்டுமே கொண்ட சிறு குழுக்கள் போட்டியிட்டன. அவர்கள் மோதியது மொத்த அடிக்கணக்கில் அல்ல, அவரவர் தமக்கென்று வகுத்துக்கொண்ட இலக்கை எத்தனை நாள் காப்பாற்றினார்கள் என்பதற்கான புள்ளிகளில். நாலாயிரம் நடப்பவர் ஆறாயிரத்தை இலக்காக வைத்து அதை எட்டினால், பன்னிரண்டாயிரத்தை இலக்காக வைத்துக் கோட்டைவிட்டவரை முந்திவிடுவார். வாட்ஸ்அப் குழுவிலும் இதைச் செய்யலாம்: எண்ணைப் போடாமல், ‘எட்டினேன்’ அல்லது ‘எட்டவில்லை’ என்று மட்டும் போட்டால் போதும். கைப்பேசியை ஆட்டுபவரைக் கண்காணிக்கும் வேலையும் மிச்சமாகும்.

ஓட்டக்காரர்களும் மிதிவண்டிக்காரர்களும் பெரிதும் பயன்படுத்தும் ஸ்ட்ராவா 2009இல் தொடங்கப்பட்டது. சாலையின் ஒரு துண்டை எடுத்து, அதை யார் எவ்வளவு விரைவில் கடந்தார்கள் என்று தரவரிசைப்படுத்தும் அதன் ‘செக்மென்ட்’ வசதி, தனியாக ஓடுபவரையும் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தோடு ஓடுவதாக உணரச் செய்கிறது. 2020இலிருந்து அந்தப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குக் கீழே பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். சராசரி வேகக்காரர் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளப் பணம் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. என்றாலும் நாள் தவறியவரை ஸ்ட்ராவா இடித்துரைப்பதில்லை. பயிற்சிப் பதிவைப் பார்த்து நண்பர்கள் தட்டும் பாராட்டு விரலுக்கு மதிப்பு உண்டு, அது வேகத்துக்காக மட்டுமே விழுவதில்லை. நீண்ட இடைவெளிக்குப் பின் ஒருவர் இரண்டு கிலோமீட்டர் நடந்து பதிவிட்டால், வழக்கமான பத்துக் கிலோமீட்டர்க்காரருக்குக் கிடைப்பதைவிட அதிகப் பாராட்டு அவருக்கு வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன்.

நண்பர்களின் ஓட்டம் நம்மை ஓட வைக்கிறது என்பது வெறும் நம்பிக்கை அல்ல. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 11 லட்சம் ஓட்டக்காரர்கள் ஐந்து ஆண்டுகளில் ஓடிய 35 கோடி கிலோமீட்டர் தூரத்தை ஆராய்ந்தது. ஒரு நண்பரின் ஊரில் மழை, இன்னொருவரின் ஊரில் வெயில் என்ற வேறுபாட்டைப் பயன்படுத்தி, யார் யாரைத் தூண்டுகிறார் என்று பிரித்தறிந்தது அதன் சாமர்த்தியம். ஒருவர் கூடுதலாக ஒரு கிலோமீட்டர் ஓடினால், அதே நாளில் அவருடைய நண்பர்கள் சுமார் 0.3 கிலோமீட்டர் கூடுதலாக ஓடினார்கள். குறைவாக ஓடுபவர்களே அதிகமாக ஓடுபவர்களைப் பெரிதும் தூண்டினார்கள் என்ற முடிவுதான் சுவையானது. பின்னால் வருபவர் எட்டிப் பிடித்துவிடுவாரோ என்ற கவலை முன்னால் ஓடுபவரை விரட்டுகிறது. ஆக, பட்டியலின் உச்சியில் இருப்பவரைக் காட்டினால் கீழே இருப்பவர் எழுந்து ஓடுவார் என்ற எண்ணம், எல்லாச் செயலிகளின் அடியிலும் கிடக்கும் அந்த எண்ணம், பெரும்பாலும் தலைகீழானது.

ஸ்ட்ராவாவில் சேர்பவர்கள் முதல் வேலையாகத் தங்கள் ஓட்டத்தின் தொடக்க இடத்தையும் முடிவிடத்தையும் வரைபடத்தில் மறைத்துக்கொள்ள வேண்டும்; அதற்கான அமைப்பு செயலிக்குள்ளேயே இருக்கிறது. பயனர்களின் தடங்களைத் தொகுத்து அந்நிறுவனம் 2017இல் வெளியிட்ட உலக வரைபடத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத பாலைநிலங்களில் ராணுவ முகாம்களின் வடிவங்கள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன என்பது 2018 ஜனவரியில் உலகச் செய்தியானது. முகாமையே காட்டிக்கொடுத்த தடம், வீட்டு வாசலைக் காட்டிக்கொடுக்க எவ்வளவு நேரமாகும்?

படங்களை முதன்மையாகக் கொண்ட இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களை இந்தப் பணிக்கு நான் பரிந்துரைக்கவில்லை. ஊக்கமூட்டும் உடற்பயிற்சிப் படங்களைப் பார்த்த இளம்பெண்களுக்கு உடலை மேம்படுத்தும் உந்துதல் கூடியது, கூடவே தங்கள் உடல் மீதான அதிருப்தியும் கூடியது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. பயணப் படங்களைப் பார்த்தவர்களோடு ஒப்பிட்டு எட்டிய முடிவு அது. உந்துதல் வந்தால் போதாதா என்று கேட்கலாம். அதிருப்தியால் தொடங்கும் பயிற்சி, கண்ணாடி உடனே மாறாதபோது நின்றுவிடுகிறது என்பதே என் கணிப்பு. அங்கே நாள் தவறியவரை யாரும் திட்டுவதில்லை என்பது உண்மை. ஆனால் தவறவே தவறாதவர்களின் வயிற்றுத் தசைகள் திரை முழுக்க வந்துகொண்டே இருக்கின்றன.

சமூக வசதிகளை நம்பி ஒரு கருவியை வாங்குபவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. ஃபிட்பிட் பயனர்கள் பல ஆண்டுகளாக நண்பர்களோடு ஆடி வந்த சவால் விளையாட்டுகளையும், பொதுக் குழுக்களையும் அந்நிறுவனம் 2023 மார்ச்சில் நீக்கிவிட்டது. கை வளையம் அப்படியே வேலை செய்தது. அதை அணியக் காரணமாயிருந்த நட்பு வட்டத்துக்குத்தான் கதவடைப்பு. நிறுவனத்தின் சேவையகத்தில் மட்டுமே வாழும் குழுவைவிட, செயலி மாறினாலும் தொடர்பு அறாத நாலு பேர் மேல்.

போக்கிமான் கோ வேறு வகையைச் சேர்ந்தது. 2016 ஜூலையில் வெளிவந்த அந்த விளையாட்டு தன்னை ஒருபோதும் உடற்பயிற்சிச் செயலி என்று சொல்லிக்கொண்டதில்லை. வரைபடத்தில் ஆங்காங்கே தோன்றும் கற்பனை உயிரினங்களைத் தேடிப் பிடிப்பதே ஆட்டம். கைப்பேசித் திரையில் தெரியும் அந்த வரைபடத்தில் நம் உருவம் நிற்கும். அதை நகர்த்த விரலால் முடியாது, காலால்தான் முடியும். பொரிக்க வேண்டிய முட்டைகள் 2, 5, 10 கிலோமீட்டர் என்று தூரத்தைக் கேட்கின்றன; வாகனத்தின் வேகத்தில் சென்றால் அந்தத் தூரம் கணக்கில் வராது. புள்ளிக்காக நடப்பது வேறு, நடந்தால் மட்டுமே ஆட முடியும் என்பது வேறு. முதலாவது மாத்திரைக்கு மேல் தடவிய சர்க்கரை. நாக்கில் அது கரைந்ததும் கசப்பு தெரிந்துவிடும். போக்கிமான் கோவில் அப்படிப் பிரித்தெடுக்க எதுவும் இல்லை.

இவ்வளவு இருந்தும் அதன் பலன் எத்தனை காலம் நீடித்தது என்பதில் ஆய்வுகள் தாராளம் காட்டவில்லை. விளையாட்டு வெளிவந்த ஆண்டிலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆடத் தொடங்கிய முதல் வாரத்தில் நாளுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடின. ஆறாவது வாரத்துக்குள் அந்தச் சராசரி பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. தீவிரமாக ஆடியவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட இன்னோர் ஆய்வில் உயர்வு 1,473 அடிகளாக இருந்தது, குறிப்பாக முன்பு மிகக் குறைவாக நடந்தவர்களிடமும் அது தெரிந்தது. ஒரு விளையாட்டு எல்லோரையும் நடக்க வைக்காது, அந்த விளையாட்டைப் பிடித்தவர்களை நடக்க வைக்கும் என்பதற்கு மேல் இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

என் அளவுகோலில் போக்கிமான் கோ நல்ல மதிப்பெண் பெறுகிறது. 2018இல் சேர்க்கப்பட்ட, செயலியை மூடி வைத்திருந்தாலும் நடையைக் கணக்கிடும் வசதியும், 5, 25, 50 கிலோமீட்டர் என வாரத்துக்கு ஒருமுறை பரிசு தரும் ஏற்பாடும் அதற்குக் காரணம். செவ்வாயன்று நடக்காவிட்டால் வியாழனன்று ஈடுகட்டிக்கொள்ளலாம். தினசரித் தொடருக்கான பரிசுகளும் உண்டு, ஆனால் அவற்றை இழந்தால் ஆட்டம் கெட்டுப்போவதில்லை. குறைகளும் சிறியவை அல்ல. ஆட்டத்துக்கான பொருட்களைத் தரும் ‘போக்கிஸ்டாப்’ இடங்கள் ஆள் நடமாட்டம் மிகுந்த பகுதிகளில் நெருக்கமாகவும், ஒதுக்குப்புறங்களில் அரிதாகவும் இருப்பதால், ஆட்டத்தின் சுவை வசிக்கும் இடத்தைப் பொறுத்து மாறிவிடுகிறது. திரையைப் பார்த்துக்கொண்டே சாலையைக் கடப்பதன் ஆபத்தைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

திரையைப் பார்க்க விரும்பாதவர்களுக்கு 2012இல் வந்த ‘ஸோம்பீஸ், ரன்!’ இருக்கிறது. எழுத்தாளர் நயோமி ஆல்டர்மன் பங்கேற்று உருவாக்கிய தொடர்கதை காதில் ஒலிக்கும். உலகம் நடைப்பிணங்களால் அழிந்துவிட்டது, நீங்கள் ‘ஐந்தாம் எண் ஓட்டக்காரர்’, தப்பிப் பிழைத்தவர்களின் சிற்றூருக்குப் பொருள் சேகரித்துக் கொண்டுவர வேண்டும். துரத்தல் வசதியை இயக்கி வைத்தால், கதையின் நடுவே மூச்சிரைப்பும் உறுமலும் பின்னாலிருந்து நெருங்கும். வேகத்தைக் கூட்டாவிட்டால் சேர்த்த பொருட்களில் சில பறிபோகும். இருட்டத் தொடங்கிய நேரத்தில் ஆளில்லாத பாதையில் அந்த ஒலி காதுக்குள் ஏறும்போது, கட்டுக்கதை என்று தெரிந்தும் கால் தானாக எட்டிப் போடுகிறது. துரத்தல் முடிந்தபின் தானாகவே வேகம் தணிவதால், விரைவும் நிதானமும் மாறிமாறி வரும் பயிற்சி பயனருக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. மூட்டு வலி உள்ளவர் துரத்தலை அணைத்துவிட்டு நடந்தே கதை கேட்கலாம். எத்தனை நாள் கழித்து வந்தாலும் கதை நின்ற இடத்திலேயே காத்திருக்கும். வேகமான ஆங்கில உரையாடலைப் பின்தொடர முடிந்தவர்களுக்கு மட்டுமே இது பயன்படும் என்பது ஒரு வரம்பு.

ஹாபிட்டிகா பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும். பழக்கங்களைப் பட்டியலிட்டு, செய்தால் பொற்காசும் தவறினால் உயிர்ப்புள்ளி இழப்பும் தரும் செயலி அது. நண்பர்களோடு கூட்டாக ஓர் அரக்கனை எதிர்க்கும்போது, ஒருவர் தன் அன்றாடக் கடமையைத் தவறவிட்டால் குழுவில் எல்லோருக்கும் அடி விழும். சிலரை இது கட்டுப்பாட்டில் வைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் சோர்வுக்காக மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்க வைக்கும் ஏற்பாடு, ஏற்கெனவே மனம் சோர்ந்திருப்பவர்களுக்கு ஏற்றதல்ல. அடி விழுவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் பொத்தான் இருக்கிறது. அதை முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்த வரிசையில் எனக்கு முழு நிறைவு தந்தது நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவிக்காக 2019 அக்டோபரில் வெளிவந்த ‘ரிங் ஃபிட் அட்வென்ச்சர்’. கையில் பிடிக்க வளைந்து கொடுக்கும் வளையம் ஒன்று, இடது தொடையில் கட்ட ஒரு பட்டை. இரண்டிலும் ஸ்விட்சின் ஜாய்-கான் கட்டுப்படுத்திகளைச் செருகிக்கொள்ள வேண்டும். நின்ற இடத்தில் ஓடினால் திரையில் உள்ள வீரர் ஓடுவார், முழங்காலை உயர்த்தினால் படிகளில் ஏறுவார், வளையத்தைத் தரை நோக்கிப் பிடித்து அழுத்தினால் தாவுவார். பகைவர் எதிர்ப்படும்போது ஆட்டம் முறைவைத்து நடக்கும்: சிவப்பு கைகளுக்கு, மஞ்சள் வயிற்றுக்கு, நீலம் கால்களுக்கு, பச்சை யோகாசனங்களுக்கு என்று பிரிக்கப்பட்ட பயிற்சிகளில் ஒன்றைத் தேர்ந்து செய்தால் அதுவே அடியாக விழும். எதிராளி தாக்கும்போது வளையத்தை அடிவயிற்றில் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் வயிறு இறுகுவதும், திரையில் கேடயம் ஒளிர்வதும், அடி குறைவாக விழுவதும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. அந்த இடத்தில் ‘பயிற்சி செய்கிறேன்’ என்ற நினைப்பு முற்றிலும் அகன்று, பிழைக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டுமே மிஞ்சுகிறது. நடைச் செயலிகள் தொடவே தொடாத தசைப் பயிற்சி இங்கே ஆட்டத்தின் உயிர்நாடியாக இருப்பது இதன் தனிச்சிறப்பு.

இதே நிறுவனத்தின் முந்தைய தயாரிப்பான ‘வீ ஃபிட்’டோடு ஒப்பிட்டால் வளர்ச்சி விளங்கும். 2007இல் ஜப்பானில் வெளியான அது, பயனரைப் பலகைமேல் நிறுத்தி எடை பார்த்து, உடல் நிறைக் குறியீட்டின்படி வகை பிரித்து அறிவிக்கும். எடை கூடியிருந்தால் காரணம் கேட்கும். சில நாள் வராவிட்டால் அதையும் சுட்டிக்காட்டும். குழந்தைகளையும் ‘அதிக எடை’ என்று அது முத்திரை குத்தியது 2008இல் சர்ச்சையாகி, நிறுவனம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. ரிங் ஃபிட் எடையைக் கேட்பது கலோரிக் கணக்குக்காகத்தான், அதைவைத்து யாரையும் தரம் பிரிப்பதில்லை. வெற்றியைவிட முயற்சியைப் பாராட்டும் குரல், உடல் வனப்பின்மீது வெறிகொண்ட டிராகனையே வில்லனாக வைத்திருக்கும் கதையமைப்பு ஆகியவற்றில் அதன் மனப்போக்கு தெரிகிறது. நெடுநாள் கழித்துத் திரும்பினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1 முதல் 30 வரையிலான சுமை அளவைக் குறைத்துக்கொண்டால் அடுத்த அரக்கனும் அதற்கேற்ப எளிதாகிவிடுவான். முழங்கால், முதுகு, தோள் போன்றவற்றில் தொல்லை உள்ளவர்கள் அந்தந்தப் பகுதிக்கு விலக்குக் கேட்கவும் வழி இருக்கிறது. மாடியில் குடியிருப்பவர்கள் ஓசையில்லா முறையை இயக்கினால், ஓடுவதற்குப் பதிலாக மெல்ல முழங்காலை மடக்கி எழுந்தால் போதும். கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்காது, ஆனால் தொடைக்கு அது ஓடுவதைவிடக் கடுமையான வேலை.

குறை இல்லாமல் இல்லை. உரையாடல்களும் கடைக் காட்சிகளும் நீளமானவை, திரை முன்னால் நிற்கும் நேரத்தில் கணிசமான பகுதி அவற்றில் போய்விடுகிறது. விளையாட்டே உண்மையான பயிற்சி நேரத்தைத் தனியாகக் காட்டி நம்மை ஏமாற்றாமல் விடுகிறது என்பது ஆறுதல். தொடைப் பட்டை வியர்வையில் நழுவினால் வீரர் நடுவழியில் நின்றுவிடுவார், ஆகவே மெல்லிய வழுவழுப்பான துணிமேல் அதைக் கட்டக்கூடாது. பலர் சேர்ந்து ஆட விரும்புபவர்களுக்கு இங்கே கிடைப்பது சிறுசிறு விளையாட்டுகளும் மதிப்பெண் ஒப்பீடுகளும் மட்டுமே. சாகசக் கதையைத் தனியாகத்தான் ஆட வேண்டும். ஸ்விட்ச் 2 வாங்கியவர்களும் இதை ஆடலாம், ஆனால் அதனுடன் வரும் புதிய ஜாய்-கான்கள் இந்த வளையத்தில் பொருந்தாது. பழைய இணை ஒன்றைத் தனியாக வைத்திருக்க வேண்டும். இரண்டாம் கையாக வாங்குபவர்கள் வளையத்தை ஒருமுறை முழு வலுவோடு அழுத்தி, திரையில் அதன் அளவு ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.